பேண்டம் எடையில் முதல் இடம்

சாயங்காலமானால் எங்கள் சித்தப்பா ரேங்க் போடுவார். பள்ளிக்கூட ரேங்க் அல்ல. அந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் பேச ஒன்றும் கிடையாது. கோயமுத்தூர், ஈரோடு வட்டாரத்தில் ஐம்பத்துநாலு கிலோ எடைக்குள் குத்துச்சண்டை போடுகிறவர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்கிற ரேங்க். அந்த எடைக்குப் பேண்டம் என்று பெயர். தொண்ணூறுகளில் ஊரே கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரிந்தபோது, சிங்காநல்லூரில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்குப் பேண்டம் எடை மொத்தமும் மனப்பாடம்.

அப்பாவின் லேத் பட்டறையில்தான் சித்தப்பாவுக்கு வேலை. அது முடிந்ததும் மில் கொட்டகைக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வருவார். வீங்கிய கைகளை உப்புப் போட்ட வெந்நீரில் விட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தால், நான் எதிரில் சம்மணம் போட்டுக்கொள்வேன். ஐந்தாவது இடம் காரமடை பேக்கரிக்காரர் மகனுக்கு. நல்ல வேகம், ஆனால் தாடையில் ஒன்று பட்டால் படுத்துவிடுவார். நான்காவது சித்தப்பாவே. மூன்றாவது ஒரு காலேஜ் பையன். இரண்டாவது ஈரோட்டுப் போலீஸ்காரர்; கை நீளம், கடைசி ரவுண்டில் மட்டும் மூச்சு வாங்கும். முதல் இடம் இடக்கைக்காரருக்கு. அவர் ஒரு பவுண்டரியில் வார்ப்பு வேலை பார்த்துக்கொண்டு, சித்தப்பாவோடு அதே கொட்டகையில் பயிற்சி செய்தவர். மற்ற இடங்கள் அவ்வப்போது முன்னே பின்னே நகரும். அவருடையது நகர்ந்ததே இல்லை.

"வலதுகைய மூக்குக்கு முன்னால ஆட்டிட்டே இருப்பான் கண்ணு. எடதுகை எப்ப வந்துச்சுன்னு நாம கீழ உழுந்தப்பறந்தான் தெரியும்."

"உங்களால அவர ஜெயிக்கவே முடியாதுங்களா, சித்தப்பா?"

"முடியாது" என்பார், அத்தனை சந்தோஷமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கையான அத்தை, வெந்நீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நிற்பாள். சித்தப்பா ரேங்க் போட மறந்த நாளில் என் முதுகில் கிள்ளி, "கேளு அம்மணி, இன்னிக்கு யாரு மொதல்லன்னு" என்பாள். மாறாத இடத்தைத் தினமும் எதற்குக் கேட்பது? அத்தைக்குக் குத்துச்சண்டையில் அவ்வளவு ஆர்வமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தை மாதம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அந்தியூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தையோ, இடக்கைக்காரரைத் தவிர யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற வழியில்தான் கொட்டகை இருக்கிறது என்பதை அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. இடக்கைக்காரருடைய அப்பா அம்மா எங்கள் ஆட்களின் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அப்பா கொதித்துப்போனார். கூடவே பழகி வீட்டுக்குள் கை வைத்துவிட்டானே என்று சித்தப்பாவுக்கும் ஆத்திரம். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அத்தை வகுப்புக்குப் போவதில்லை, சித்தப்பா ரேங்க் போடுவதில்லை என்பதுதான். என் சாயங்காலமே பாழாய்ப் போனது.

அந்த நேரம் பார்த்து வட்டாரப் போட்டி வந்தது. பேண்டம் இறுதிச் சுற்றில் சித்தப்பாவும் இடக்கைக்காரரும். கிளம்பும்போது அப்பா, "அவன் மூஞ்சியப் பேத்துட்டு வா. அதுக்கப்பறம் நம்மூட்டுப் பக்கம் தலவெச்சுப் படுக்கமாட்டான்" என்றார். சித்தப்பா தலையாட்டினார். என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அப்பா பின்னால் போனார்.

மணி அடித்ததும் சித்தப்பா பாய்ந்தார். அவர் அப்படி அடித்து நான் பார்த்ததே இல்லை. இடக்கைக்காரர் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டே இருந்தார். வலதுகை மூக்குக்கு முன்னால் ஆடியது, இடதுகை வரவில்லை. ஒழுங்காகச் சண்டை போடும்படி நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். இரண்டாவது ரவுண்டில் அடித்த வேகத்தில் சித்தப்பா தடுமாறி, முகம் முழுக்கத் திறந்து நின்றார். அவ்வளவுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சித்தப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். எதிரில் அந்த இடதுகை மடங்கியபடியே இருந்தது. அதற்குப் பிறகு சித்தப்பாவின் குத்துகள் ஏனோ தளர்ந்துவிட்டன. ஆனாலும் நடுவர் அவர் கையைத்தான் தூக்கினார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அன்று வீட்டில் கறிக்குழம்பு. கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா உற்சாகமாக, "சொல்றா, இப்ப யாரு நெம்பர் ஒன்னு? புள்ள எத்தன நாளா கேட்டுட்டிருக்குது" என்றார்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடியே ரேங்க் போட்டார். ஐந்தாவது காரமடைக்காரர். நான்காவது அவரே. மூன்றாவது காலேஜ் பையன். இரண்டாவது போலீஸ்காரர்.

"மொதல் எடம் அவந்தான்."

"கோப்பை உங்கிட்டதானேடா இருக்குது" என்றார் அப்பா.

"அவன் குடுத்ததுங்கண்ணா. மூஞ்சியத் தெறந்து காட்டிட்டு நின்னேன், அவன் அடிக்கல. நம்ம தங்கச்சி மனசு சங்கடப்படும்னு அடிக்கல." சித்தப்பா கோப்பையை ஓரமாக நகர்த்தினார். "அந்தியூர்க்காரங்கள வரவேண்டாம்னு சொல்லிப்போடுங்க. அவனாட்ட ஒருத்தன நீங்களும் நானும் தேடுனாலும் கெடைக்காது."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போனார். கை கழுவாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் திரும்பிப் பார்க்காமலே அப்பா கேட்டார்: "பவுண்டரில அவனுக்கு நாளைக்கு எந்த ஷிப்டு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜெயித்தவருக்கு நான்காவது இடம், தோற்றவருக்கு முதல் இடமா? "ஏமாத்துறீங்க சித்தப்பா" என்று தட்டைத் தள்ளிவிட்டு ஓவென்று அழுதேன். அத்தை ஓடிவந்து என்னை வாரிக் கட்டிக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள். இந்த வீட்டில் நியாயம் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான் என்று நினைத்தேன். அழாதீங்க அத்தை, அடுத்த போட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.