நீலம் போட்ட அங்கி

போன சனிக்கிழமை மகளுடைய ஞானஸ்நான அங்கியை அலசிவிட்டுக் கடைசித் தண்ணீரில் நீலம் கலந்தேன். கொஞ்சம் கூடிப்போனது. உப்பானாலும் கவலையானாலும் எனக்குக் கை கூடித்தான் விழும். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே பலாபத்வல ஊரில் ஏலக்காய்க் கொட்டகையில் வேலை பார்த்த நாட்களுக்குப் போய்விட்டேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அங்கே காய் பொறுக்கப் போனவள் நான். பக்கத்துப் பாயில் ரெஜினா. இருவரும் ஒரே சபை. சபை என்றால் ஓட்டு வீடொன்றின் முன்னறைதான், முழுகத் தொட்டியெல்லாம் கிடையாது. ஞானஸ்நானம் நாவுலப் பக்கத்து ஓயா என்கிற சிற்றாற்றில். வெள்ளை அங்கிகள் பொதுவில் இருந்தன. முழுகப் போகிறவர் முன்கூட்டியே வாங்கிப் போய், முழுகியபின் துவைத்து, நீலம் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

நானும் வாங்கிப் போவேன். அந்த நாள் விடிந்தால் காய்ச்சல் வந்துவிடும். பொய்க் காய்ச்சல் இல்லை, நெற்றி சுடும். முழுகி எழுந்த பிறகு வாய் தவறி ஒரு பொய் சொல்லிவிட்டால்? கடவுள் அப்போது எனக்குக் கதவுக்குப் பின்னால் பிரம்போடு நிற்கிறவர். ஆகவே, உடுத்தாத அங்கியைத் துவைத்து, நீலம் போட்டு ஒப்படைத்துவிடுவேன்.

“இந்த அங்கி ஆத்துல முங்கினதவிட ஒங்க வீட்டு நீலத்துல முங்கினதுதான் கூட. அது ரட்சிக்கப்பட்டிருச்சு. நீ எப்ப புள்ள?” என்பாள் ரெஜினா.

புதிதாக ஒரு பாஸ்டர் வந்தார். ஒல்லி ஆள், எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் கொடுக்கும் முதல் ஞானஸ்நானம் அது. எனக்குக் காய்ச்சலும் தவறாமல் வந்தது. “பஸ்ல படுத்துக்கிட்டு வா,” என்று ரெஜினா இழுத்து வந்துவிட்டாள்.

பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அவர் கை நடுங்கியது. நேரத்தைக் கடத்தத்தான் கேட்டேன்.

“குளிருதாங்க பாஸ்டர்?”

“இல்ல, பயம்.”

“தண்ணிக்கா?”

“நான் நல்லா நீந்துவேன். கடவுள் முன்னால நிக்கிறேன்ல, அந்தப் பயம்.”

“எனக்கும் அதேதாங்க. அதான் வீட்டுக்கு ஓடிர்றேன்.”

அவர் யோசித்தார். “எனக்கு ஓடணும்னு வரலையே. இன்னும் கிட்டப் போகணும்னுல்ல இருக்கு.”

“ரெண்டு பேரும் நடுங்கி முடிச்சா சொல்லுங்க. வெயில் ஏறுது,” என்றாள் கரையிலிருந்து ரெஜினா.

பிறந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கும்போது ஒரு பயம் வருமே, அதுதான் அவரிடம் இருந்தது. அடிக்குப் பயந்தவள் ஓடுவாள். இந்தப் பயம் வந்தவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். நான் இறங்கினேன். என் பிடரியில் அவர் கை கடைசிவரை நடுங்கியது. ஒரு விரல்கூடத் தளரவில்லை. அந்த முறைதான் அங்கி ஆற்று மண்ணோடு வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கொடியில் காய்ந்த தன் அங்கியைத் தொட்டுப் பார்த்து, “பயமா இருக்கும்மா,” என்றாள் மகள்.

“ஓடணும் போலயா, போகணும் போலயா?”

“போகணும் போலதான்.”

“அப்ப சரி.”

சபைக்கு ஓடு பதித்த தொட்டி வந்துவிட்டது. ஆளுக்கொரு அங்கி தைத்துக்கொள்கிறார்கள். அந்த ஓயாவில் இப்போது முழங்கால்கூட நனையாது. நான் இன்னும் கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்தான். திரும்பி வந்து கதவைத் திறந்தால், அதன் பின்னால் பிரம்போடு யாரும் நிற்பதில்லை.