எண்ணெயை நிறுத்த மறந்த நாள்

எம்.எல்.ஏ.வுக்கு பி.ஏ. என்றால் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டைக்குப் போய்வருகிறவன் என்று நினைத்து யாரும் இந்த வேலைக்கு வர வேண்டாம். தென்காசிப் பக்கத்தில் பி.ஏ. என்பவன் ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும், குற்றால சீசனில், லாட்ஜ் மேனேஜர். மீதி மாதங்களில் கல்யாண வீட்டுக்கும் துஷ்டி வீட்டுக்கும் வழி காட்டுகிறவன். நடுவில் நேரம் கிடைத்தால் தொகுதி வேலையும் பார்க்கலாம்.

நான் இதைப் பல வருஷம் பார்த்தேன், எல்லாம் ஒரே ஆளிடம். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் பெயரைச் சொல்லாமல் அப்படியே எழுதுகிறேன். அச்சன்புதூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். யூனியன் சேர்மனாக ஆரம்பித்து, இரண்டு தடவை எம்.எல்.ஏ. ஆனார். பத்து வருஷத்தில் சட்டசபையில் ஆறு தடவை எழுந்து நின்றார். அதில் நாலு தடவை மைக் வேலை செய்யவில்லை என்று சொல்லத்தான். ஆனால் தொகுதியில் எங்கே சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்னால் இவர் மாலையோடு நிற்பார். எங்கள் ஜனங்களுக்கு அது போதும்.

போன வாரம் ஒரு புது பி.ஏ. எனக்கு போன் செய்தான். "சார், சீசன் வருது. வி.ஐ.பி. குளிக்க வந்தா மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டான். "மொதல்ல எண்ணெயை நிறுத்துங்க தம்பி" என்றேன். சிரித்தான். சிரிக்கிற விஷயம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. எண்ணெய் இலாகா

குற்றாலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். நான் எண்ணெயைத்தான் பார்ப்பேன். மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்த்து, முதுகில் நாலு தட்டு தட்டி எழுப்பி விடுவார்கள். அதன் பிறகு அந்த மனிதனுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. சட்டை போட முடியாது. எங்கேயும் உட்கார முடியாது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், டீக்கடை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நேராக அருவிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அதனால் பெரிய மனிதர் யாராவது குளிக்க அருவியை மூடுவதாக இருந்தால், அதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே எண்ணெய்க்காரர்களிடம் போய், "கொஞ்ச நேரம் கிண்ணத்தைத் தூக்கி வையுங்க" என்று சொல்லிவிட வேண்டும். எண்ணெய் தேய்க்காத கூட்டம் காத்திருக்கும். பஜ்ஜி தின்னும், போட்டோ எடுக்கும். எண்ணெய் தேய்த்த கூட்டத்துக்குப் பொறுமை இருக்காது.

இதைச் சொல்ல வேண்டியது போலீஸ் இல்லை, பி.ஏ. ஏனென்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வரக் கூடாது என்று அங்கே போர்டே இருக்கிறது. போர்டு இருப்பதால் அரசாங்கக் கணக்கில் எண்ணெயே கிடையாது. இல்லாத எண்ணெயை போலீஸ் எப்படி நிறுத்தும்? அந்த போர்டைத் தொட்டுப் பார்த்தால் கை வழுக்கும், அது வேறு விஷயம்.

இத்தனை வருஷத்தில் நான் இதை மறந்தது ஒரே ஒரு தடவைதான்.

2. பத்து நிமிஷம்

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு மூன்றாவது தடவை சீட்டு கிடைக்குமா என்பது இழுபறியாக இருந்தது. ரோடு கான்ட்ராக்டர் ஒருவரும் அதே சீட்டுக்குக் குறி வைத்திருந்தார். யாருக்குச் சீட்டு என்று மேலே சொல்லப் போகிறவர் கட்சிப் பொறுப்பாளர். அவர் சென்னையிலிருந்து குடும்பத்தோடு குளிக்க வந்தார். பதினான்கு பேர்.

அண்ணாச்சி முந்தின நாளே என்னிடம் சொன்னார்: "ஏலே, நாளைக்கு அவரு குளிச்சிட்டு சந்தோசமா சாப்பாட்டுக்கு உக்காரணும். பேச்சு அங்கனதான். சாப்பாட்டு எலையிலதான் நம்ம சீட்டு இருக்கு, பாத்துக்க."

காலையில் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அருவிக்கரை டியூட்டியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் முத்துராஜிடம் பத்து நிமிஷம் கூட்டத்தை நிறுத்தும்படி பேசி வைத்தேன். எண்ணெய்க்காரர்களிடம் போகத் திரும்பினேன். அப்போது பொறுப்பாளரின் மருமகன் கூப்பிட்டு, ஒரு ஷாம்பு பெயரைச் சொல்லி, அதுதான் வேண்டும் என்றார். அருவியில் ஷாம்பு போடக் கூடாது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். எண்ணெய் சுத்தமாக மறந்துபோனது.

நான் திரும்பி வந்தபோது பொறுப்பாளர் அருவியில் நின்றுகொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்ட அண்ணாச்சி இடுப்பில் ஒரு துண்டும் கையில் பொறுப்பாளருடைய துண்டுமாகக் கரையில் நின்றார். பெரியவர் குளித்து முடித்த பிறகுதான் எம்.எல்.ஏ. இறங்கலாம், கட்சி ஒழுங்கு அப்படி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருநூறு முந்நூறு பேர். அத்தனை பேர் உடம்பும் வெயிலில் பளபளத்தது. அப்போதுதான் எண்ணெய் எனக்கு ஞாபகம் வந்தது.

பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆனது. பதினான்கு பேரும் போதும் போதும் என்கிற அளவுக்குக் குளித்தார்கள். எண்ணெய் கண்ணில் இறங்கி, கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் மேலே ஏறி வந்து துண்டை வாங்கினார். முத்துராஜ் கயிற்றில் கை வைத்தார். அந்த நிமிஷம் மேலே மலையில் பெய்த மழை கீழே வந்தது. அருவி சிவப்பாக மாறியது. சைரன் அடித்துவிட்டார்கள். குளிக்கத் தடை.

3. டேங்கர்

பொறுப்பாளர் காரில் ஏறி, "வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்" என்று சொல்லிவிட்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனார். அண்ணாச்சி பின்னாலேயே ஓடினார். இதை ஒளிக்க விரும்பவில்லை. ஜனங்களை விட்டுவிட்டு ஓடத்தான் பார்த்தார். அவருடைய காருக்கு முன்னால் டிரைவர் பரமசிவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, எண்ணெயோட ஏறாதிய. சீட்டு கவர் புதுசு. வீட்டுல ஆச்சி என்னைய கொன்னுபோடுவாவ."

இந்தத் தர்க்கம் முடிவதற்குள் கூட்டம் காரைச் சூழ்ந்துவிட்டது. ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்த விவசாயிகள் முன்னால் நின்றார்கள். எல்லாம் எங்கள் ஓட்டு.

"அண்ணாச்சி, அவுக குளிச்சாச்சு. நாங்க என்ன செய்யட்டும்? வேன்காரன் ஏத்த மாட்டேங்கான்."

"ஐந்தருவிக்குப் போங்கய்யா."

"அங்கனயும் தடை. பழைய குத்தாலமும் தடை. இப்படியே வீட்டுக்குப் போனா எம்பொஞ்சாதி என்னைய பந்தமா கொளுத்திருவா."

பின்னால் ஒருவர், "எம்.எல்.ஏ.வும் எண்ணெயோடதாம்டே நிக்காரு, போகவிடாதீங்க" என்று கத்தினார். நாலு பேர் அண்ணாச்சியின் கையைப் பிடித்தார்கள். பிடித்த கை வழுக்கியது, மறுபடி பிடித்தார்கள். அண்ணாச்சியின் கண்ணிலும் எண்ணெய் இறங்கிவிட்டது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடமிருந்து போனை வாங்கி, தெரிந்த ஆளிடம் பேசினார்.

"ஏலே, ரெண்டு டேங்கர் தண்ணி உடனே அருவிக்கரைக்கு வரணும். குடிக்கதுக்கு இல்லடே, குளிக்கதுக்கு. ஆமா, அருவி பக்கத்துலதான். சிரிக்காதலே மூதி, அனுப்பு."

டேங்கர் கார் பார்க்கிங்கில் வந்து நின்றது. சீயக்காய்ப் பாக்கெட் இருந்த கடையெல்லாம் காலி. அண்ணாச்சி கடைசியில் குளித்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, முதல் ஆளாகக் குளித்தார். அதன் பிறகு டேங்கர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மற்றவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினார். ஒரு கட்டத்தில் அவருக்கே அது பிடித்துப்போனது. "ஏய், அந்தால முதுக காட்டுவே" என்று ஆளாளுக்கு அதட்டிக்கொண்டு, பத்து வருஷத்தில் நான் பார்க்காத சந்தோஷத்தில் இருந்தார். எனக்கும் அவரை அன்றைக்குப் பிடித்திருந்தது.

கெஸ்ட் ஹவுஸுக்குப் போனபோது இலை எடுத்தாகிவிட்டது. பரிமாறியவர் கான்ட்ராக்டர்.

4. லெட்டர்

மறுநாள் பொறுப்பாளர் போனில் பேசினார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். எண்ணெய்க் கூட்டத்துக்கு நடுவில் துண்டோடு நிற்கும் அண்ணாச்சியின் வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்பக்கம் பொறுப்பாளர் குடும்பம் ஈரத் துணியோடு காரில் ஏறுவதும் தெரிந்தது. அதுதான் அவருக்கு ஆகவில்லை.

"யாரு பண்ண தப்பு இது? அந்த எஸ்.ஐ.தானே? அந்த ஆளை மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் குடுங்க. வாட்ஸ்அப்ல வேண்டாம், பேப்பரா என் கைக்கு வரணும். அது வந்தப்புறம் சீட்டு விஷயம் பேசலாம்."

போனை வைத்ததும் அண்ணாச்சி டைப் அடிக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னலே?"

"அண்ணாச்சி, தப்பு எஸ்.ஐ. மேல இல்ல. எண்ணெயை நிறுத்தச் சொல்ல நாந்தான் மறந்துட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ மறந்தேன்னு எழுதிக் குடுத்தா அவரு ஏத்துக்கிடுவாரா? அவருக்கு வேண்டியது ஒரு யூனிஃபார்ம்லே. நீ யாரு, நம்ம வீட்டு ஆளு. அடி."

"எஸ்.ஐ. மக பிளஸ் டூ படிக்கா அண்ணாச்சி. இங்கன தென்காசியிலதான்."

"எனக்குத் தெரியாதாலே? அந்த ஸ்கூல்ல சேத்துவிட்டதே நாந்தான்." லெட்டர்பேடை என் பக்கம் தள்ளிவிட்டு, "இந்த சீட்டு போச்சுன்னா நான் யாருலே?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

டைப் அடித்தேன். கடமையில் அலட்சியம், பொதுமக்களுக்கு இடையூறு என்று எல்லாம் நானே போட்டேன். அந்த மாதிரி வாசகம் எனக்குத் தூக்கத்திலும் வரும். அண்ணாச்சி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நேரில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னைச் சென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டார். கையோடு ஒரு கூடை மங்குஸ்தானும் கொடுத்தார்.

சென்னையில் பொறுப்பாளர் வீட்டு ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லெட்டர் பையில் இருந்தது. அவர் வந்தார். எழுந்து நின்று கூடையை நீட்டினேன்.

"அண்ணாச்சி பழம் குடுத்து விட்டாங்கய்யா."

"லெட்டர்?"

"பழம் மட்டுந்தாங்கய்யா."

என்னையும் கூடையையும் பார்த்தார். "சரி, புரியுது" என்றார். உள்ளே போய்விட்டார்.

நல்லவன் என்று என்னை யாரும் நினைத்துவிடாதீர்கள். விசாரணை என்று வந்தால் முத்துராஜ் என் பெயரைத்தான் சொல்லுவார் என்கிற பயம் அதில் பாதி. மீதிப் பாதியில்தான் அந்தப் பெண்ணின் பிளஸ் டூ பரீட்சை இருந்தது. எது பெரிய பாதி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஊருக்கு வந்ததும் அண்ணாச்சி கேட்டார்: "குடுத்துட்டியாலே?"

"குடுத்துட்டேன் அண்ணாச்சி."

தேர்தல் நெருங்கியதும் வேட்பாளர் லிஸ்ட் வந்தது. கான்ட்ராக்டர் பெயர் இருந்தது. லிஸ்ட் வந்த அன்று காலையில் அண்ணாச்சி வீட்டு வாசலில் நாற்பது செருப்பு கிடந்தது. சாயங்காலம் என் செருப்பு மட்டும்தான். அவர் போர்டிகோவில் உட்கார்ந்து, "லெட்டர் குடுத்தும் அந்த ஆளு மனசு எறங்கலியேலே" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் "ஆமா அண்ணாச்சி" என்றேன். சென்னையிலும் ஊரிலும் சொன்ன பொய்களையும் சேர்த்து, என் வேலையில் நான் சொன்ன மிக மோசமான வார்த்தை அந்த "ஆமா"தான்.

முத்துராஜுக்கு இதெல்லாம் தெரியாது. குத்துக்கல்வலசை விலக்கில் ஒரு நாள் ஹெல்மெட் போடவில்லை என்று என்னை நிறுத்தி, "பழைய எம்.எல்.ஏ. பி.ஏ.ன்னா சட்டம் வேறயா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு ஃபைன் கட்டினேன்.

புது பி.ஏ. தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அருவியை மூடுவதற்கு முன்னால் எண்ணெயை நிறுத்துங்கள். மறந்துபோனால், மறந்தது நான்தான் என்று அன்றைக்கே அருவிக்கரையிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மறுநாள் சொன்னால் அதற்குள் வேறொருவன் பெயர் டைப் ஆகிவிடும்.

இனி அண்ணாச்சிக்கு. இப்போதும் காலையில் பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறீர்கள் என்று தெரியும், இதையும் படிப்பீர்கள். அந்த ஆள் துரோகம் செய்துவிட்டார் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் செய்த பாவம் ஆயிரம் இருக்கலாம், இது அதில் சேராது. அவர் கையில் அந்த லெட்டர் கிடைக்கவே இல்லை. உங்கள் பச்சைக் கையெழுத்தோடு அது என் வீட்டில், ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது. உங்கள் மூன்றாவது தடவையை உட்கார்ந்து தின்றது நான்தான்.

ஏசுவதற்கு போன் செய்வீர்கள். எடுப்பேன்.