ஒன்றும் ஆகாத நாய்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு கிழட்டு நாயை நான் பார்த்ததே இல்லை. அது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றியதில்லை. பதுளையில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தனியார் கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்த இரண்டாவது வாரம், முகமெல்லாம் வெளுத்துப்போன ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். இது என்ன நோயால் இப்படி வெளுத்தது என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்கமாட்டார். அன்று சிரித்தார்.

"நோய் இல்லைப் பிள்ளை. வயசு. பதின்மூண்டு வயசாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் நமுனுகுல பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எங்கள் லயத்து நாய்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்தவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒன்று காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டியது. ஒன்று வாயில் நுரை தள்ளிச் செத்தது. மற்றவை ஒரு நாள் இருந்தன, மறுநாள் இல்லை. யாரும் தேடவில்லை. நாலு வயது, ஐந்து வயது. அதற்கு மேல் எதுவும் போகவில்லை.

கிளினிக்கில் என் வேலை நாயைப் பிடிப்பது. ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை வயிற்றுக்கு. நான் அணைத்துப் பிடித்தால்தான் டொக்டர் ஊசி போடுவார். பிடித்துப் பிடித்து வீட்டு நாய்களின் உடம்பு என் கைக்குப் பழகிவிட்டது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. தரையில் நடக்காததால் நகம் வளைந்து வளர்ந்திருக்கும். உரோமத்தில் ஷாம்பு வாசனை, வாயில் அழுகல் வாசனை.

பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவர் மாதம் ஒருமுறை தன்னுடைய வெள்ளைப் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வருவார். நல்ல மனுஷி. "சாப்பிட்டியாம்மா?" என்று என்னைக் கேட்காமல் உட்காரமாட்டார். ஒரு நாள் டொக்டரிடம் சொன்னார்:

"இதுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்குச் சோறு எறங்காது டொக்டர். தோட்டத்து நாய்ங்களப் பாருங்க, மழையிலயும் பனியிலயும் கெடக்கு. அதுங்களுக்கு ஒண்ணுமே ஆகுறதில்ல."

"ஓமோம், அதுகள் வலுவான சாதி" என்றார் டொக்டர், எழுதிக்கொண்டிருந்த துண்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு நெஞ்சு இழுத்தபோது தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்தவர் அவள் முதுகில் குழாயை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "மலையில நிக்கிற ஆளுங்களுக்குப் பனி பழக்கம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று மாத்திரையை எண்ணிக் கையில் கொட்டினார். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டால் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த லீவு நாளில் எங்கள் வாசலில் படுக்கும் செவலை நிறப் பெட்டை நாயைப் பழைய கொழுந்துச் சாக்கில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, மடியில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் எரிந்து விழுந்தார்.

"நாய எறக்கும்மா!"

"அதுக்கும் ஒரு டிக்கட் குடுங்க."

பஸ் சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். நாங்கள் இறங்கவில்லை.

கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். இரண்டாவது ஆள் துணிக்கடை அம்மா. செவலையின் முதுகில் உரோமம் கொட்டி, தோல் காய்ந்து தடித்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பொமரேனியனை மார்போடு இறுக்கிக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்தார். டொக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? பின்னால கட்டிவிடும். எல்லாரும் போனாப்பிறகு பாப்பம்."

இந்தக் கிளினிக்கில் அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை. அன்று எழுந்து நின்றேன்.

"இன்னைக்கு எனக்கு லீவுங்க டொக்டர். நான் வேலைக்கு வரல, மருந்துக்கு வந்திருக்கேன். ஒட்டுற நோயின்னா வெளிய, வாசப்படியில நிக்கிறேன். ஆனா வரிசையில நான் மூணாவது. மூணாவதாத்தான் வருவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வாசல்ல நில்லும்" என்றார்.

செவலையை வாசலில் கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பொமரேனியனை நான்தான் பிடித்துக் கொடுத்தேன், லீவாக இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒன்பது கிலோ. மூன்று படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. கடைவாய்ப் பல் இரண்டு ஆடியது. "இதுக்கு மருந்து வேண்டாம் அம்மா, கேக்கை நிப்பாட்டுங்கோ" என்றார் டொக்டர்.

பிறகு செவலை. அதற்கும் ஒன்பது கிலோதான், உயரம் மட்டும் இரண்டு மடங்கு. டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு நெஞ்சில் குழாயை வைத்தார். வாயைத் திறந்து ஈற்றைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார்.

"இதயம் நல்லாக் கேக்குது. பல்லும் திறம். ஆனா முரசைப் பாரும், வெள்ளையாக் கிடக்கு. ரத்தம் காணாது. உள்ளுக்க பூச்சி, வெளியில உண்ணி, தோலில சொறி. குட்டியும் போட்டிருக்கு போல. எத்தினை தப்பினது?"

"ஆறுல ஒண்ணுங்க."

துணிக்கடை அம்மா போகாமல் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தனை நோயா? பாத்தா தெரியலயே" என்றார் மெதுவாக.

"யாரும் பாக்கலீங்கம்மா. பாத்தா தெரியும்."

அவர் முகம் சிவந்தது. சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

"இப்பிடியே விட்டா என்ன ஆகும்?" என்று டொக்டரைக் கேட்டேன்.

"அடுத்த குட்டியோட செத்துப்போம்."

"மருந்து குடுத்தா?"

"பத்து, பன்னிரண்டு வருசம் இருக்கும். ஏன் இருக்கக்கூடாது?" என்றவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அண்டைக்கு வலுவான சாதி எண்டு நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன்" என்றார். மருந்தை அவரே எடுத்துத் தந்தார்.

மூன்று மாதம் ரொட்டி உருண்டைக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தேன். கருத்தடையும் செய்தோம். செவலையின் முதுகில் முதலில் பூனை மயிர் மாதிரி முளைத்தது, பிறகு பளபளவென்று மூடியது. லயத்துப் பெண்கள் கவனிக்காமல் இருப்பார்களா? "எங்க வாசல்ல ஒண்ணு காதச் சொறிஞ்சுகிட்டே கெடக்கு, வந்து பாரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனேன். உதட்டைத் தூக்கி ஈறு சிவப்பா வெளுப்பா என்று பார்ப்பேன். மழைக்காலத்தில் மூக்குக்குள் அட்டை புகுந்துகொண்ட நாய்களை ஒரு சட்டித் தண்ணீருக்கு முன் உட்காரவைப்பேன். அட்டை தண்ணீருக்குத் தலை நீட்டும் நேரம் பார்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். ஒன்றிரண்டு கடியும் வாங்கினேன். எனக்குக் கிளினிக்கில் முன்பே வெறிநோய் ஊசி போட்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்கு வந்த விருந்தாளி ஒருவரை ஒரு நாய் விரட்டியது. அவர் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மறுநாள் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். லயங்களில் நாய் வளர்க்கக் கூடாது, வளர்ப்பவர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது நோட்டீஸ்.

இரண்டு வாரம் கழித்து, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட அரசாங்க ஆட்கள் வந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டார்கள். பெண்கள் தும்புக் கயிற்றிலும் கிழிந்த சேலைத் துண்டிலும் நாய்களைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மேசையருகே ஆபீஸ் கிளாக்கர் ஐயா கைகட்டி நின்றார். நாய்க்காரர் பெயர் என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டதும் எல்லார் கையிலிருந்தும் கயிறு நழுவியது.

"நம்ம நாய் இல்லீங்க. சும்மா பின்னாடியே வந்துருச்சு."

"எனக்கும் தெரியாதுங்க, யாரு நாயோ."

பெயர் இல்லாமல் ஊசி அட்டை எழுத முடியாது என்று அதிகாரி மருந்துப் பெட்டியை மூடப் போனார். நான் முன்னால் போய் செவலையைத் தூக்கி மேசையில் வைத்தேன். என் பெயரைச் சொன்னேன். எழுதினார். அடுத்த நாயை இழுத்து வந்தேன்.

"இது?"

"என்னோடதுதான்."

"இதுவும்?"

"எல்லாமே என்னோடதுதான்."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே போனார். பத்தொன்பது அட்டை. கிளாக்கர் ஐயா என் காதருகே வந்தார்.

"நாளைக்கு எது கடிச்சாலும் நீதான் பதில் சொல்லணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க. நான்தான் சொல்லுவேன்."

வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. தோட்டம் தந்த காம்பராவைப் பறித்துக்கொள்வார்களோ என்று அவளுக்குப் பயம். பயம் பொய்யுமில்லை. புதன்கிழமை துரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உனக்கு எத்தனை நாய்?"

"பத்தொம்பதுங்க."

"எல்லாத்தையும் தோட்டத்த விட்டு அனுப்பணும்."

அட்டைகளை மேசையில் பரப்பினேன். "இதுங்களுக்கெல்லாம் ஊசி போட்டிருக்குங்க தொரை. இதுங்கள அனுப்பினா அந்த எடத்துக்கு வேற நாய் வரும். அதுக்கு ஊசி இருக்காது. அது கடிச்சா யாரு பொறுப்பு?"

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பங்களா நாய்க்கு ஊசித் தேதி முடிஞ்சு நாளாச்சுங்க. எங்க கிளினிக்குக்குத்தான் வரும், அதனாலதான் தெரியும். இன்னைக்கு வெறிநோய் வந்தா லயத்து நாய் தப்பிச்சுக்கும். பங்களா நாய்தான் சாகும்."

துரை அட்டைகளை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி என்னிடமே தந்தார். "போ" என்றார்.

நோட்டீஸை அவர்கள் எடுக்கவில்லை. மழை அதைக் கரைத்தது. புதிதாக ஒட்டவுமில்லை. அடுத்த வாரம் பங்களா டிரைவர் அந்த நாயைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். பெரிய, அழகான நாய். ஊசிக்குப் பயந்து என் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்தது. அதன்மேல் எனக்கு என்ன கோபம்?

எல்லாம் நன்றாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த வருடமே மூன்று நாய்கள் போயின. ஒன்று கண்ணியில், இரண்டு ஏதோ காய்ச்சலில். கண்ணி வைத்தவரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மறுவருடம் ஊசிக்காரர்கள் வந்தபோது அம்மாதான் செவலையை முதலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கிளாக்கர் ஐயா கேட்டார்:

"போன வருஷம் எல்லாம் ஒம் மக பேருலதானே இருந்துச்சு?"

"அது போன வருஷங்க. இது என் வாசல்ல படுக்குற நாய். என் பேர எழுதச் சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். சிங்கள அதிகாரிக்கு எங்கள் தமிழ்ப் பெயர்கள் பிடிபடவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம், மூன்று தரம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.