வாப்பா மூன்று வீட்டில் இருந்தார்

போன வியாழக்கிழமை டொக்டர் கேட்டது ஒரே கேள்விதான். “இது எப்ப தொடங்கின?”

வாப்பாவை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, நானும் மூன்று தங்கைமாரும் உள்ளே நின்றோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். உம்மா மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு வாப்பாவுக்கு மாதம் ஒரு மகள் வீடு — கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில். மூன்றிலும் குறைவில்லாத கவனிப்பு. பிறகென்ன?

மூத்தவள்தான் முதலில் கதைத்தாள். “எண்ட ஊட்டில சோத்துல பாதிய வெச்சிட்டு எழும்பினாரு. எண்ட கறி புடிக்கல்லயாக்கும் எண்டு இருந்துட்டன்.”

நடுவிலாள் அக்காவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். “எண்ட ஊட்ட வரக்குள்ள பெல்ட்டுல புது ஓட்ட போட்டிருந்தாரு. மெலிஞ்சிட்டாரு எண்டு சொன்னா, லாத்தா பாக்கல்ல எண்ட மாதிரி ஆகிருமே... காக்காக்கு மட்டும் வொய்ஸ் போட்டன்.”

ஓம், அண்ணன் எனக்குக் குரல்பதிவு போட்டாள். ஒன்பது நாள் கழித்துத்தான் கேட்டேன். கேட்டுவிட்டும், வயதானால் மெலிவதுதானே என்று விட்டுவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சின்னவள் அழுதாள். “மலம் கறுப்பாப் போகுதெண்டு வாப்பா சொன்னாரு. லாத்தாமாருக்குச் சொல்லாத, பயந்துருவாங்க எண்டாரு.”

டொக்டர் மூன்றையும் ஒரே தாளில் எழுதினார். “உங்க எல்லாரையும் சேத்தா எல்லாம் தெரிஞ்சிதான் இரிந்திரிக்கி. ஒராளுக்கும் முழுக்கத் தெரியல்ல. வயித்துல கட்டி. முந்தி வந்திருந்தா ஒபரேஷன் செய்திருக்கலாம். இனி நோவில்லாமப் பாக்கிறதுதான்.”

குழாய்நீர்த் திட்டத்தில் வேலை செய்யும் என் மச்சான் அடிக்கடி சொல்வான் — ஊருக்கு ஊர் மீட்டர் வைத்தால் போதாது, அவை காட்டும் அளவை ஒன்றுக்கொன்று நேரத்துக்குச் சொல்லவும் வேண்டும். சொல்வது பிந்தினால், உடைப்பு எங்கே என்று பிடிக்கும்போது தண்ணீர்த்தாங்கி காலியாகி இருக்கும். குழாய்க்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் நான்கு பேர் கையிலும் நல்ல போன். சிக்னலும் உண்டு. ஆனால், யார் மனமும் நோகக்கூடாது என்று நாங்கள் அடக்கி வைத்த பேச்சு எந்த டவரில் ஏறும்?

வெளியே வந்தோம். வாப்பா எங்கள் முகங்களை ஒரு தரம் பார்த்தார். நோய் பற்றிக் கேட்கவேயில்லை.

“அப்ப மறுகா... அடுத்த மாசம் யார்ட ஊடு?”

“எண்ட ஊட்ட வாங்க வாப்பா” — மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

இதற்கு மட்டும் ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.