சொர்ணம் மிஸ்ஸும் நாலாயிரத்து இரண்டும்

பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்னத் தனியார் பள்ளி. அங்கே சொர்ணத்துக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். பிறந்தது மர்பி டவுன், வாழ்க்கைப்பட்டது ஆஸ்டின் டவுன். தினமும் மெஜஸ்டிக் வரை பஸ், அப்புறம் மெட்ரோ. ஆசிரியப் பயிற்சியில் கணக்குத் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு தேறியவள். அதனாலேயோ என்னவோ, கணக்கு வராத பிள்ளையைக் கண்டால் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வாள்.

இந்த வருடம் அந்தப் பிடியில் சிக்கியவள் நாலாம் வகுப்பு ரக்ஷா. கூட்டல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நான்கு இலக்க எண்களைக்கூடக் கூட்டிவிட்டு அடுத்த கணக்கு எங்கே என்று பார்ப்பாள். கழித்தல் என்றால் மட்டும் தலைகீழ். 4002-இல் 1785-ஐக் கழிக்கச் சொன்னால் 3783 என்று எழுதி நீட்டுவாள். எந்த வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிப்பது அவள் வழக்கம். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற கவலையே கிடையாது.

தலைமை ஆசிரியர் வெங்கடராமன் செவ்வாய்க்கிழமை அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இது ஆகாதும்மா. திங்கட்கிழமை நானே ஒரு கணக்குப் போடச் சொல்றேன். வரலைன்னா மூணாவதுல போய் உக்காரட்டும்."

மூன்றாம் வகுப்பில் ரக்ஷாவின் தங்கை படிக்கிறாள். தங்கை பக்கத்தில் உட்கார வைத்தால் அந்தப் பெண் அப்புறம் கணக்கு நோட்டையே திறக்க மாட்டாள் என்று சொர்ணத்துக்குத் தெரியும். ஆனாலும், "திங்கட்கிழமை போடுவா சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வகுப்புக்கு வந்ததும் அதே கணக்கைப் பலகையில் எழுதினாள்.

"ரெண்டுல அஞ்சு போகுமா?"

"போகாது மிஸ்."

"அப்ப என்ன பண்ணணும்? பக்கத்து வீட்ல கடன் வாங்கணும். எத்தனை தடவைடி சொல்றது?"

"பக்கத்து வீட்ல பூஜ்யம்தானே மிஸ் இருக்கு. அதுக்கு அந்தப் பக்கத்து வீட்லயும் பூஜ்யம். இல்லாதவங்ககிட்ட போய் எப்படிக் கேக்கறது? அதான் திருப்பிப் போட்டேன்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "வாய் மட்டும் எட்டூருக்கு இருக்கு" என்று சொர்ணம் அதட்டி உட்கார வைத்தாள்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் நின்றபடி யோசித்தாள். அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு? மர்பி டவுனில் தனக்குச் சொல்லிக் கொடுத்த 'பக்கத்து வீட்டுக் கடனை'த்தான் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீடு காலியாக இருந்தால் என்ன செய்வது என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ரக்ஷாவின் அம்மா கிருத்திகாவை வரச் சொன்னாள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவள், திருப்பத்தூர்க்காரி, நட்டு போல்ட்டு கம்பெனியில் பேக்கிங் வேலை.

"அங்க எப்படிம்மா அடுக்குவீங்க?" பேச்சுவாக்கில்தான் சொர்ணம் கேட்டாள்.

"பத்து நட்டு ஒரு கவரு மிஸ். பத்துக் கவரு ஒரு டப்பா. பத்து டப்பா ஒரு பெட்டி."

சொர்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலு பெட்டியும் ரெண்டு உதிரியும்தான் இருக்குன்னு வை. இப்ப அஞ்சு உதிரி வேணும். என்ன பண்ணுவே?"

கிருத்திகா இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள். "ஒரு பெட்டியப் பிரிப்பேன். ஒம்போது டப்பாவ அப்படியே வெச்சிட்டு பத்தாவதப் பிரிப்பேன். ஒம்போது கவர வெச்சிட்டு பத்தாவதக் கிழிப்பேன். யாரையும் போய் எதுக்குக் கேக்கணும்? எல்லாம் நம்மகிட்டயேதானே இருக்கு?"

சொர்ணத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலை கிருத்திகா அச்சு கோணலாகிப் போன வெற்று டப்பாக்களையும் பெட்டிகளையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி அனுப்பினாள். சொர்ணம் சிவாஜிநகர் புளிக்கடையில் வாங்கிய ஒரு மூட்டைப் புளியங்கொட்டையைத் தரையில் கொட்டினாள். முப்பத்தொரு பிள்ளைகளும் பத்துப் பத்தாக எண்ணிக் காகிதத்தில் மடித்தார்கள். ஒன்றிரண்டு டப்பாவில் சும்மா காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றலாமே என்று சக ஆசிரியை சொன்னதற்கு, "பொய்ப் பெட்டியப் பிரிச்சா பொய்க் கணக்குதான் வரும்" என்று சொர்ணம் சீறினாள். பாதி நாள் பள்ளி முடிந்து மணியடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாலாயிரத்து இரண்டு கொட்டை, ஒன்றுகூடக் குறையாமல்.

பெட்டியைப் பிரித்தவள் ரக்ஷா. ஒன்பது டப்பா, ஒன்பது கவர், கையில் பன்னிரண்டு உதிரி. அதிலிருந்து ஐந்தை எடுத்தாள். எட்டுக் கவர், ஏழு டப்பா, ஒரு பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தாள். மிச்சத்தை இரண்டு முறை எண்ணினாள்.

"ரெண்டாயிரத்து எரநூத்துப் பதினேழு மிஸ். இனிமே கொட்டை வேணாம். எழுதியே போடறேன்."

திங்கட்கிழமை வெங்கடராமன் வேண்டுமென்றே மூன்று பூஜ்யம் வைத்தார். 7000-இல் 2468. சொர்ணம் சுவரோரம் நின்றாள். ரக்ஷா ஏழை அடித்து ஆறு போட்டாள். அப்புறம் ஒன்பது, ஒன்பது, பத்து. விடை 4532. அவர் சரிபார்க்க செல்போனைத் தேடுவதற்குள் அதற்குக் கீழேயே 2468-ஐக் கூட்டி, 7000 என்று எழுதி நோட்டைத் திருப்பி வைத்தாள்.

"பரவாயில்லையே! நாலாவதுலயே இருக்கட்டும்" என்று அவர் பதிவேட்டைத் திறந்து, மூன்றாவதுக்கு இறக்குபவர்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்த ரக்ஷாவின் பெயரை அடித்தார்.

அந்தப் பெயருக்கு மேலே இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. சுஹாஸ், ஷ்ரேயாஸ். ஜூன் மாதம் மூன்றாவதுக்கு இறக்கியவர்கள். எதிரே 'கழித்தல் வராது' என்று சொர்ணத்தின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

"சார், இவங்க ரெண்டு பேரையும் எங்கிட்டத் திருப்பி அனுப்புங்க."

"நீங்கதானேம்மா வராதுன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"நான்தான் எழுதினேன். அவங்களுக்கு வராம இல்ல சார். எனக்குத்தான் சொல்லிக்கொடுக்க வரல."

அவர் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. மேஜையிலிருந்த பேனாவை எடுத்துத் தான் எழுதியதைத் தானே அடித்தாள். மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்று, இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.