இறங்கியதும் ஒரு போன்

தனியாக இருக்கிறவனுக்கு வார நாட்களில் பெரிய தொந்தரவு இல்லை. அலுவலகம் இருக்கிறது, பஸ் நெரிசல் இருக்கிறது, யாராவது காலை மிதிப்பார்கள், நாம் இரண்டு வார்த்தை திட்டுவோம், பேச்சுத்துணைக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் என் வீடு. ஞாயிறு காலையில் கோயிலுக்கு வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து எங்கள் சந்தில்தான் காரை நிறுத்துவார்கள். வாசலை மறிக்காதே என்று நான் பால்கனியிலிருந்து கத்துவேன். என்னிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அவர்கள் மறிப்பதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் மனைவி நங்கநல்லூரில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது பார்த்துக்கொள்வதற்காகப் போனாள். அக்கா குணமாகி, கோலூன்றி நடந்து, பிறகு கோலையும் போட்டுவிட்டு ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். இவள் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை, வரப்போவதில்லை என்று அவளும் சொல்லவில்லை. முதலில் தினமும் போனில் பேசினோம், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு தீபாவளிக்கு மட்டும். இந்த இரண்டு வருஷமாக அதுவும் நின்றுவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை, நடுவில் நின்று பேசிவைக்க ஆளில்லை. விசாரிக்கிறவர்களிடம், "அக்காவுக்கு இன்னும் முடியலை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாள் நங்கநல்லூரில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார். மயிலாப்பூரில் மட்டும் என் புண்ணியத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்.

இப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தப்பிக்கத்தான் ட்ரெக்கிங் போகிற ஒரு குழுவில் பெயர் கொடுத்தேன். நாகலாபுரம் மலை. ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது, காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். கஷ்டமான பாதை, உடம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

கூட்டிப்போகிற கைடு ஒரு பெண். ராயப்பேட்டைக்காரர், முப்பது வயதிருக்கும். மற்ற நாட்களில் அப்பாவின் டயர் கடையைப் பார்த்துக்கொள்கிறவர். அவரே போன் செய்து வயது, இரத்த அழுத்தம், நீச்சல் எல்லாம் விசாரித்தார்.

"அவசரத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க அங்கிள். எதனா ஆச்சுன்னா வூட்ல சொல்றதுக்கு."

என் வாய் முந்திக்கொண்டது. என் எண்ணைத் தவிர எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். கேஸ் கம்பெனியோ பேங்க்கோ ஆபீஸோ, எங்கே கேட்டாலும் இருபது வருஷமாக அந்த எண்ணைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லி முடித்தபிறகுதான் யாருடைய எண் என்பதே உறைத்தது. மாற்றிச் சொல்லலாம் என்றால் வேறு யார் எண்ணைச் சொல்வது? எனக்கு ஏதாவது ஆனால்தானே கூப்பிடப் போகிறார்கள், ஒன்றும் ஆகாது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடியுமுன்பே கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வேன் வந்து நின்றது. வந்தவர்கள் எல்லாம் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். இரண்டிரண்டு பேராக ஏறி இரண்டிரண்டு பேராக உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டு மூட்டையை வைத்தார்கள். வண்டி ஊரைத் தாண்டியதும் கைடு எழுந்து நின்று அன்றைய சட்டதிட்டங்களைச் சொன்னார். பாட்டில் வீசக்கூடாது, தனியாகத் தண்ணீரில் இறங்கக்கூடாது. கடைசியாக ஒன்று.

"மேல சிக்னல் கெடையாது. கீழ எறங்குனதும் ஒரு டீக்கடை கீது, அங்கதான் சிக்னல் வரும். எல்லாரும் அவங்கவங்க குடுத்த நம்பருக்குப் போன் போட்டு எறங்கிட்டேன்னு சொல்லணும். என் எதிர்லயே சொல்லணும். சொல்லாம யாரும் வேன்ல ஏற முடியாது. ஒரு தபா ஒருத்தன் சொல்லாம போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டான். அவங்கம்மா அழுதுக்கினே எங்க டயர் கடைக்கு வந்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருஷம் பேசாமல் இருந்த மனைவிக்கு, ஒரு டீக்கடை வாசலில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் போன் செய்ய வேண்டும். செய்து என்ன சொல்வது? மலைக்குப் போனேன் என்றா? எதற்கு என்னிடம் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்டால்? ஊத்துக்கோட்டையில் இட்லிக்கு நிறுத்தியபோது அப்படியே இறங்கி மாதவரம் பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்கும் அந்தப் பெண் அந்த எண்ணைத்தான் கூப்பிடுவார், அங்கிளைக் காணோம் என்று. இட்லியைத் தின்றுவிட்டு மறுபடி மூட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மலை விளம்பரத்தில் சொன்னபடியே இருந்தது. கொஞ்ச தூரம் முள்ளுக்குள் நடந்தோம், அதற்கப்புறம் பாதை என்று ஒன்றும் இல்லை. ஓடைதான் பாதை. ஆள் உயரப் பாறைகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போக வேண்டும். பிள்ளைகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனில் சத்தமாகப் பாட்டுப் போட்டார்கள். அவர்களிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, எனக்கும் கை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நானும் ஓடையும் மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தோம்.

ஒவ்வொரு பாறையிலும் கால் வைக்குமுன் எனக்கு ஒரே நினைப்பு. நான் விழுந்தால் நங்கநல்லூருக்குப் போன் போகும். அதற்காகவே என்றும் இல்லாத ஜாக்கிரதையோடு நடந்தேன். நடுவில் இன்னொரு நினைப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிதாக இல்லாமல், கால் மட்டும் லேசாகப் பிசகிக்கொண்டால் அவள் வருவாளா? வேன் வந்து நிற்கிற இடத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்குவாளா? ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வரக்கூடிய யோசனைதானா இது என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த இரண்டு பாறை வரைக்கும் அந்த யோசனை என்னோடுதான் வந்தது.

உச்சிக்குக் கீழே ஒரு வழுக்குப் பாறை. மேலே இருக்கும் சுனையின் தண்ணீர் அதன்மேல் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக அதைப் பிடித்து ஏறச் சொன்னார் கைடு. எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் பாதி ஏறி, இடது காலை மடக்க முடியாமல், ஒரு திட்டில் நின்றுவிட்டேன். மேலிருந்து ஒரு பையன், "மெதுவா வாங்க அங்கிள், அவசரமே இல்ல" என்றான். நல்லபடியாகத்தான் சொன்னான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம் என்று கத்தினேன். காட்டுக்குள் வந்தும் பாட்டுப் போடுகிறீர்களே, உங்களுக்கெல்லாம் மலை எதற்கு என்று கத்தினேன். இது ஒரு வழியா, ஆளைக் கொல்லவா கூட்டிவந்தாய் என்று அந்தப் பெண்ணையும் விடவில்லை. பாறை முழுக்க என் குரல்தான்.

கைடு கயிற்றைப் பிடித்து மளமளவென்று இறங்கி வந்து என் பக்கத்தில் அந்தத் திட்டிலேயே குந்தினார். முகத்தில் கோபம் இல்லை.

"அங்கிள், முட்டி வலிக்குதா?"

"யார் சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்லை!"

"இதோ இப்பவும் கத்துறீங்க. ஆன்ட்டி சொன்னாங்களே. இடது முட்டின்னாங்க. வலிச்சா வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, கத்துவாரு, கத்துனார்னா வலின்னு தெரிஞ்சுக்கமான்னாங்க."

"எந்த ஆன்ட்டி?" என்றேன்.

"இன்னா அங்கிள், உங்க வூட்டு ஆன்ட்டிதான். வெள்ளிக்கிழமை பேசினேன். யார் நம்பர் குடுத்தாலும் முன்னாடியே ஒரு தபா போட்டுப் பார்த்துடுவேன். சில பேரு சும்மா எதனா நம்பரைக் குடுத்துடுறாங்க."

"என்ன சொன்னாங்க?"

"முட்டிதான். அப்புறம் தண்ணின்னா உங்களுக்கு பயம், சுனையில எறங்கச் சொல்லாதேன்னாங்க. எத்தினி மணிக்கு எறங்குவீங்கன்னு கேட்டாங்க. சாயங்காலம் அஞ்சுன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலையே." அவர் பையிலிருந்து முட்டியில் மாட்டுகிற எலாஸ்டிக் உறையை எடுத்தார். "ஆன்ட்டி சொன்னதாலதான் எடுத்தாந்தேன். மாட்டிக்கோங்க."

மாட்டிக்கொண்டேன். என் எண்ணை ஏன் கொடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. நான் அங்கே இல்லை என்று சொல்லவில்லை. அவர் எங்கே போகிறார் என்பதே உன்னிடம்தான் தெரிந்துகொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த அறையில் நான் உட்கார்ந்திருப்பதுபோல, என் முட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறாள். என் கோபத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்த ஒரே ஆள் நங்கநல்லூரில் இருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழிகிற தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு, கைடின் கையைப் பிடித்து மேலே ஏறினேன்.

மேலே சுனை நல்ல பச்சையாக, ஆழமாக இருந்தது. பிள்ளைகள் மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டு குதித்துக் கும்மாளம் போட்டார்கள். நான் கத்தியதை யாரும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனே எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, சாயங்காலம் போனில் என்ன பேசுவது என்று யோசித்தேன். தேங்க்ஸ் என்று ஆரம்பிக்கலாம். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கலாம். அப்படியே பேச்சோடு பேச்சாக, நீ எப்போது வருகிறாய் என்றும் கேட்டுவிடலாம். ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இப்போது கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? இறங்குகிற வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். முட்டி வலி தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் போய்ச் சேர ஓர் அவசரம் இருந்தது.

டீக்கடைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. போன்களில் சிக்னல் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. என் போன் மட்டும் சும்மா இருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று பேச ஆரம்பித்தார்கள். "எறங்கிட்டேன்மா, தோசை சுட்டு வை." "டேய் ரூம் சாவி எங்க வச்ச?" ஒரு பெண் யாரிடமோ குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தாள். கைடு என் முன்னால் வந்து நின்றார். எண்ணை அழுத்தினேன்.

ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேன்."

"முட்டி?"

"பரவாயில்லை. அந்தப் பொண்ணு உறை குடுத்துச்சு."

கைடு தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். இப்போது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள். குரலில் சண்டை இல்லை, களைத்துப் போயிருந்தது.

"இனிமே என் நம்பரைக் குடுக்காதீங்க."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இன்னைக்குக் காலையிலேருந்து போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். குளிக்கப் போறப்போகூட அக்கா கையில குடுத்து, அடிச்சா கதவைத் தட்டுன்னு சொல்லிட்டுப் போனேன். அஞ்சுன்னாங்க, இப்ப ஆறாகப் போகுது. மறுபடியும் என்னால இது முடியாது. ஆரம்பிச்சு வைக்காதீங்க."

"சரி" என்றேன்.

"மருந்து தடவிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேனில் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பாடினார்கள், பிறகு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். சாப்பாட்டு மூட்டை தீர்ந்துபோனதால் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்து மருந்து தடவிக்கொண்டு படுத்தேன். அவள் என்மேல் அக்கறை இல்லாமல் போகவில்லை. அக்கறையை இறக்கி வைக்கத்தான் போயிருக்கிறாள். அதை எனக்குச் சொல்லக்கூட அவளுக்கு ஒரு நாள் முழுக்கப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் கைடு மறுபடி கூப்பிட்டார். இன்னொரு மலை, அதைவிடச் சுலபம், முட்டிக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

"அதே ஆன்ட்டி நம்பர் போட்டுக்கட்டுமா அங்கிள்?"

"வேண்டாம்."

"அப்போ வேற நம்பர் சொல்லுங்க."

யோசித்தேன். ஆபீஸில் இருக்கிறவர்களை, கீழ் வீட்டுக்காரரை, தம்பி முறையாகிற ஒருவரை. ஒரு நாள் முழுக்க எனக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒருவரைப் பற்றியும் நினைக்க முடியவில்லை.

"நம்பர் இல்லாம கூட்டிக்கினு போக முடியாது அங்கிள்" என்றார் அவர், வருத்தமாகத்தான்.

தெரியும் என்றேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலேயே இருந்தேன். அவளுக்குப் போன் போகிற மாதிரி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நங்கநல்லூரில் அவள் அன்றைக்கு நிதானமாகக் குளித்திருப்பாள்.