பின்னால் வந்த விளக்கு

நீலக் கட்டம் போட்ட துண்டில் சுற்றிய இரண்டு வட்டக் கண்ணாடிகள் எட்டு மாதம் என் அலமாரியில் கிடந்தன. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் இருபுறமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல் கண்ணாடிகள். சட்டை எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு கையில் படும். படாமல் எடுக்கப் பழகிக்கொண்டேன். என் மனைவி ஒருமுறை, "இத ஏன் துணிகளோட வச்சிண்டிருக்கேள், பரண்ல போடப்படாதா?" என்று கேட்டாள். பிறகு போடுகிறேன் என்றேன். போடவில்லை.

கண்ணாடிகளை அந்தத் துண்டில் சுற்றியவர் பாய். ராயப்பேட்டையில் ஒரு சந்தில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கிறவர். ஐம்பத்தொரு வயதில், வீட்டில் எல்லோரும் தடுத்தும் நான் ஒரு பழைய வண்டி வாங்கி, அது மூன்றாம் நாளே நின்றுபோய், மயிலாப்பூரிலிருந்து தள்ளிக்கொண்டே போய் அவர் கடை வாசலில் நிறுத்தினேன். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா அய்யரே, வண்டி உன்ன ஓட்டிக்கினு வந்துச்சா?" என்றார். அன்று தொடங்கியதுதான். எனக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடற்கரைச் சாலையில் சேர்ந்து போவோம். கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்குப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். பேசாமல் கூட வர அவர் ஒருவர்தான்.

இரண்டு பேர் சேர்ந்து வண்டி ஓட்டினால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேகம் குறைந்தவன் முன்னால் போகவேண்டும். பின்னால் வருகிறவன் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவன் அந்த விளக்கைக் கண்ணாடியில் பார்த்தபடியே போகவேண்டும். "வெளக்கு தெர்லன்னா ஓரமா நிறுத்து. டீ குடிக்கிறானா, ஒண்ணுக்குப் போறானான்னு யோசிக்காத. மொதல்ல நில்லு, அப்பால யோசி." இதை அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு நான் நின்ற இடத்திலெல்லாம் அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

சிக்மகளூர் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய மைதானத்தில் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்து, போக வர நான்கு நாள் பயணமாக இருவரும் கிளம்பினோம். முந்தைய கூடுகைகளின் படங்களை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் வட்டக் கண்ணாடி வைத்த வண்டி ஒன்றுகூட இல்லை. கைப்பிடியின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சிறு கண்ணாடி வைத்திருந்தார்கள். எனக்கும் அது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பாய் சிரித்தார். "பவுடர் போட நல்லாக் கீது. பின்னால வர்றவன் தெரியமாட்டான்." "அது அங்கிள் வண்டி மாதிரி இருக்கு பாய்" என்றேன். "நீ அங்கிள்தானே அய்யரே?" என்று கேட்டுவிட்டு, கழற்றி மாற்றிக் கொடுத்தார். பழையதை எங்கே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

முதல் நாள் ஓசூர் வரை. அறுபதைத் தாண்டினால் என் வண்டி அதிரும். அந்தச் சின்னக் கண்ணாடிகளில் சாலை, மரம், லாரி எல்லாம் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல நடுங்கின. அவருடைய விளக்கு ஒரு வெள்ளைக் கறையாகத் தெரிந்தது, சில நேரம் அதுவும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவர் பரோட்டாவைப் பிய்த்தபடி, "கண்ணாடில நான் தெரியிறேனா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியறது பாய்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சால்னாவை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழியில் ஓர் ஊரில் ஜும்மா தொழுகைக்கு நின்றார். வந்த வரிசைப்படி ஐந்து மணிக்கு வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பார்கள், பிந்தி வருகிறவர்களுக்குக் கடைசி இடம் என்று எனக்குத் தெரியும். பள்ளிவாசலுக்கு எதிரே நிழலில் நின்றபடி நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வெளியே வந்தபோது என் முகத்தில் அது தெரிந்திருக்கும். "வா வா, உன் போட்டோ ஓடிடாது" என்றார்.

பேலூர் தாண்டி, நான்கு மணி இருக்கும். வளைவுகள் நிறைந்த சாலை. கண்ணாடியில் அந்த வெள்ளைக் கறை இல்லை என்பதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். பார்த்தேன். அதிர்வில் தெரியவில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். வேகத்தைக் குறைத்தபோதும் தெரியவில்லை. உடனே மனம் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது: சாயங்கால அஸர் தொழுகைக்கு நின்றிருப்பார். அவருடைய தொழுகையை எனக்குச் சாக்காக எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஓட்டினேன். மைதானத்தில் நல்ல இடம் கிடைத்தது. படம் எடுத்தார்கள். போனை எடுத்தபோது தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, படத்தை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். மகளிடமிருந்து ஒரே வரி வந்தது. "பாய் அங்கிள் எங்கப்பா?"

அதற்குப் பிறகுதான் அவரை அழைத்தேன்.

எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். என் பக்கத்து வண்டிக்காரர் போனை வாங்கிக் கேட்டு, முகம் மாறி, திருப்பிக் கொடுத்தார். ஒரு வளைவில் மண் சரிந்திருந்த இடத்தில் பாயின் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. கால் வண்டிக்கு அடியில். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார். டிராக்டரில் வந்த தோட்டத்து ஆட்கள்தான் தூக்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு நிமிடத்தில் நான் நின்று திரும்பியிருந்தால் அவருடைய கூப்பாடு எனக்குக் கேட்டிருக்கும். ஹாசனில் மருத்துவமனைக் கட்டிலில் அவர் என்னைப் பார்த்ததும், "போட்டோ நல்லா வந்துச்சா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. பிறகு மெதுவாக, "ஊட்ல நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார். அவருடைய பையில் மாற்றுச் சட்டை தேடியபோது அந்தத் துண்டு கிடைத்தது. உள்ளே வட்டக் கண்ணாடிகள், ஒரு கீறல் இல்லாமல். நான் வழியில் எங்காவது கேட்பேன் என்று எடுத்து வந்திருக்கிறார். துண்டோடு அவற்றை என் பையில் போட்டுக்கொண்டேன்.

ராயப்பேட்டைக்குத் திரும்பியதும் அவர் தன் மனைவியிடம், "அய்யரு ஒடனே திரும்பி வந்துட்டாரு. இல்லாங்காட்டி என் கத அங்கயே முடிஞ்சிருக்கும்" என்று சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாபி என்று நான் கூப்பிடும் அவர் மனைவி உள்ளே போய் ஏலக்காய் போட்ட தேநீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்தேன். முழுவதும் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றும் சொன்னேன்.

பாயின் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்கிறார். மடங்கி உட்கார முடியாது. இப்போது பள்ளிவாசலில் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். ஒரு வெள்ளிக்கிழமை தெருவிலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு சந்து வழியாக வந்துவிட்டேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன் என்பது எங்கள் வீட்டில் வேடிக்கை. மகள் கொட்டிவாக்கத்தில் வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டரில் திரும்ப நாற்பது நிமிடம். ஐம்பதாவது நிமிடம் நான் அவளுக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவேன். போன் திரையில் அவளுடைய நீலப் புள்ளி அடையாறு பாலத்தைத் தாண்டும்வரை பால்கனியில் நிற்பேன். போன மாதம் அவள் தோழியோடு ஸ்கூட்டரில் புதுச்சேரி போகவேண்டும் என்றாள். கூடாது என்றேன். வாதம் வளர்ந்தது. கடைசியில், சேர்ந்து போனால் பின்னால் வருகிறவள் கண்ணாடியில் தெரிகிறாளா என்று பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் உடனே நிற்க வேண்டும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்று பாயின் பாடத்தை என் பாடமாக ஒப்பித்தேன். அவள் கோபப்படவில்லை. "நான் பத்து நிமிஷம் லேட்டானா நாலு தடவ போன் பண்றேளேப்பா. அன்னிக்கு அங்கிளுக்கு ஒரு தடவ பண்ணத் தோணலையா?" என்றாள். நான் போட்ட படத்தின் நேரமும் அவள் கேட்ட கேள்வியின் நேரமும் அவளிடம் இருந்தன. எட்டு மாதம் அவளும் கேட்காமல் இருந்திருக்கிறாள். என் பயம் முழுக்க அன்பு என்றே நம்பியிருந்தேன். என்னுடையவர்களோடு அது நின்றுவிடுகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, பாய் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். பாபி கதவைத் திறந்தார். உட்காராமல், நின்றபடியே சொன்னேன். விளக்கு தெரியவில்லை என்று பார்த்தேன், நிற்கவில்லை, படம் எடுத்துக்கொண்டேன். பாபி புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டார்.

"தெரியும்ணா" என்றார். "அன்னிக்கு நாலே முக்காலுக்கு நான் இவருக்குப் போன் போட்டேன். யாரோ கன்னடத்துல பேசுனாங்க, ஒண்ணும் புரியல. பயந்துபோய் உங்களுக்கு ரெண்டு வாட்டி போட்டேன். நீங்க எடுக்கல."

தெரியாத எண்.

"அந்த மன்ஷன் உங்களக் காப்பாத்தணும்னு பொய் சொல்றாரு. சரி, நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். எட்டு மாசமாண்ணா ஆகும் இதச் சொல்ல?"

அன்று தேநீர் வரவில்லை. கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

நேராகக் கடைக்குப் போனேன். காலையிலேயே அலமாரியிலிருந்து வண்டிப் பெட்டிக்கு மாற்றியிருந்த அந்தத் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பாய் அதைப் பிரித்துப் பார்த்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்து அந்தச் சின்னக் கண்ணாடிகளைக் கழற்றினார், வட்டக் கண்ணாடிகளை முறுக்கி ஏற்றினார். "ஏறி உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போய், சந்தின் நடுவில் நின்றார்.

"தெரியிறேனா அய்யரே?"

வலது கண்ணாடியில் எதிர்வீட்டுச் சுவரும், அவருடைய தோளில் பாதியும்தான் இருந்தன.

"இல்ல பாய்" என்றேன். "இன்னும் தெரியல."

"அப்ப இரு" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி காலை இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் திருப்ப வந்தார்.